பால் காய்ச்சிய வீடு

எங்கள் தெருவில் யார் கிரகப்பிரவேசப் பத்திரிகை கொண்டுவந்தாலும் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சிரித்த முகமாக வாங்கி வைத்துக்கொள்வேன். அந்த நாள் வந்தால் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடுவேன்.

ஒரகடம் கம்பெனிகளை நம்பி மனை பிரித்த இடம் எங்களுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வீடு பாதியில் நிற்கும். அஸ்திவாரம் போட்ட கையோடு ஒரு குடும்பத்தை அங்கேயே குடிவைத்துவிடுவது இங்கே வழக்கம். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் அவர்கள்தான் காவல். காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் காட்டுவதும் அவர்கள்தான். வாடகை கிடையாது. முதலில் தகரக் கொட்டகை, கூரை போட்ட பிறகு உள்ளே ஏதாவது ஓர் அறை. வீடு முடிந்து பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மூட்டை கட்டிக்கொண்டு, மேஸ்திரி காட்டுகிற அடுத்த சைட்டுக்குப் போய்விட வேண்டும். ஊரே கல்யாணக் களையில் இருக்கும் தை மாதம்தான் இவர்களுக்கு மூட்டை கட்டும் மாதம்.

எதிர் மனைக்கு வந்தவர்கள் செய்யாறு பக்கத்துக் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள். மூத்தவள் அப்போது ஒன்பதாவது, சின்னவள் ஏழாவது. ஒரு சாயங்காலம் மூத்தவள் எங்கள் கேட்டைத் தட்டினாள்.

“அக்கா, சைட்ல கரண்ட்டு இல்ல. உங்க வூட்டு வாசல் லைட்ல குந்திக்கினு படிச்சிக்கட்டா?”

“வாசலில் கொசு உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும், உள்ளே வா” என்றேன். அன்று வந்தவள் தினமும் வந்தாள். நான் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். படித்ததெல்லாம் சாம்பாரில் கரைந்துவிட்டது என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவள் வந்த பிறகு அந்தக் கிண்டல் நின்றது. நான் ஒரு கணக்குக்கு ஒரு வழி சொல்வேன். மறுநாள் வேறு ஒரு வழியோடு வந்து நிற்பாள். சுவருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டே யோசிப்பாளாம். காய்ந்த பக்கத்தில் செங்கல் துண்டால் போட்டுப் பார்ப்பாளாம். பட்டி பார்க்க வந்த பெயிண்டர் அந்தச் சுவரை மட்டும் கடைசிவரை தொடாமல் விட்டுவைத்திருந்தார்.

வீடு மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடமும் மாறிய பெண் அவள். பத்தாவதையாவது ஒரே பள்ளியில் முடித்து, இங்கேயே பரீட்சை எழுதிவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். இதற்குள் அவள் பத்தாவதுக்கு வந்திருந்தாள், வீடும் முடிகிற நிலை. ஆனால் பரீட்சை பங்குனியில். எதிர் வீட்டுக்காரர் பால் காய்ச்ச நாள் குறித்ததோ தையில்.

வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் வாடகைக்கு இருந்தார், ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருவார். ஒரு ஞாயிறு அவரை மடக்கிப் பிடித்துச் சண்டைக்கே நின்றேன். நல்ல மனுஷன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“மாசி பங்குனியில பண்ண முடியாது மேடம். ஒண்ணு செய்றேன். தையில பாலை மட்டும் காய்ச்சிடுறேன். குடி வர்றதைச் சித்திரைக்குத் தள்ளி வெச்சுக்கிறேன். பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் அவங்க இங்கியே இருக்கட்டும்.”

அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என் புடவையெல்லாம் ஈரம்.

பால் காய்ச்சினார்கள். அவள் அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குப் புடவை வைத்துக் கொடுத்து, எல்லோரோடும் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார் வீட்டுக்காரர். மறுநாள் காலை பார்க்கிறேன், வாசலில் குட்டியானை வண்டி நிற்கிறது. அப்பா பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

“அவர்தான் இருக்கச் சொன்னாரே!” என்று கத்தினேன்.

“பால் காய்ச்சின வூடும்மா. வெளக்கேத்தி சாமி கும்புட்டுட்டாங்கோ. இன்னமே அதுல நாங்க அடுப்பு மூட்டிப் பொழங்கினா அவுங்க குடும்பத்துக்கு ஆவாது. அவுரு பெரிய மனசு பண்ணி சொல்ட்டாரு. அதுக்குன்னு நாம இருந்துட முடியுமா?”

வீட்டுக்காரரைப் போனில் பிடித்துக் கொடுத்தேன். “சரிங்க சார், சரிங்க சார்” என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். பிறகு கயிறு கட்டப் போய்விட்டார். யாரைக் கோபித்துக்கொள்வது? ஒருவர் கூடத் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

பெண்ணையாவது என்னிடம் விட்டுப்போகச் சொல்லிக் கெஞ்சினேன். “வயசுப் பொண்ணும்மா, வெளில வுட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது” என்றாள் அவள் அம்மா. பரீட்சைக்குத் தானே அழைத்து வருவதாக அப்பா சத்தியம் செய்தார். சொன்னபடி தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். கணக்குப் பரீட்சைக்குத்தான் அவள் வரவில்லை. மணி அடித்து, வாசல் கதவைச் சாத்தும்வரை பள்ளிக்கூடத்தில் நின்றேன். நேராக அவர்கள் குடிபோயிருந்த பென்னலூர் சைட்டுக்குக் கிளம்பினேன்.

அங்கே குவித்துப்போட்ட கம்பிக்கட்டின் மேல், பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தாள்.

“விடியறப்பவே லோடு எறக்கிட்டாங்கக்கா. அப்பாவும் அம்மாவும் வேற சைட்ல காங்கிரீட்டு. எட்டு மணிக்கு வந்துடுறேன்னுதான் போனாரு. நடுவுல மிஷினு நின்னுடுச்சாம். காங்கிரீட்ட பாதில வுட்டுட்டு வர முடியாதில்ல?”

“சின்னவளை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கலாமே!”

“அவளுக்கும் இஸ்கூல்ல பரிச்சைக்கா. நான்தான் அனுப்பினேன்.”

போனால் போகட்டும், துணைத்தேர்வு இருக்கிறது, அதில் எழுதிவிடலாம், நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்வதைப்போல என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாங்க்கா. ஒருத்தராவது சைட்ல இருக்கணும். நான் இருந்தாத்தான் சின்னவ இஸ்கூலுக்குப் போவ முடியும். இது பெரிய வூடுக்கா, மூணு மாடி. முடிக்க ரெண்டு வருஷமாவும்னு மேஸ்திரி சொல்றாரு. அதுக்குள்ள எங்க பாப்பா ஒரே இஸ்கூல்ல பத்தாவது எழுதிடுவா.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.