வயது இல்லாத மருமகன்

ஃபிரிட்ஜ் கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்பான், திறக்கமாட்டான்.

"அம்மா, தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"பாட்டில்லயா?"

"ஆமாடா."

"அந்தப் பாட்டில் உள்ளதான் இருக்கா?"

"உள்ள பாம்பா இருக்கு? தொறந்து பாரேன்டா!" என்று பெற்றவள் அடுக்களையிலிருந்து கத்தினால்தான் கதவு திறக்கும்.

அவனைக் குறை சொல்லக் கூடாது, பாவம், பிழைப்பு அப்படி. நாமெல்லாம் போனில் திறந்து பார்க்கிற பக்கங்களை எழுதுகிறவன். ஒரு ஆளைப் பற்றிய தகவல் பெட்டிக்குள் பெட்டியாக வருமாம். ஆள் ஒரு பெட்டி, அதற்குள் அப்பா, அப்பாவுக்குள் போன், போனுக்குள் நம்பர். நடுவில் அப்பா பெட்டியே வராத நேரத்தில் நேரே நம்பருக்குக் கையை விட்டால், பக்கம் வெள்ளை வெளேரென்று செத்துப்போகும். அதனால் படிக்குப் படி ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பான். அப்பா இருக்காரா? அவருக்குப் போன் இருக்கா? இல்லாத இடத்தில் "தரப்படவில்லை" என்று பக்கம் தானே எழுதிக்கொள்ளும். அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே "இருக்காரா".

தங்கை புருஷனிடமே ஒருமுறை, "மாப்ளே, உங்கப்பா இருக்காரா? இருந்தா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டான். "நேத்து உங்க பக்கத்துல உக்காந்துதானே மச்சான் சாப்பிட்டாரு!" என்றார் அவர்.

பெரியவர்கள் பிரிவில் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது, அவன் எழுதிய ஆஸ்பத்திரி டோக்கன் பக்கம். அன்று காலைதான் அதைக் குழந்தைகள் பிரிவுக்கும் திறந்துவிட்டார்கள். தங்கைக்குப் பிள்ளை பிறந்து நாற்பத்தைந்து நாள், ஊசி போடவேண்டும். அண்ணன் எழுதிய பக்கம் என்ற பெருமையில், அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். இன்னும் பெயர் வைக்காத பிள்ளை. அதற்கும் அவன் வழி செய்திருந்தான். தாயின் பெயரைப் போட்டு "இன்னாரின் குழந்தை" என்று அழகாக வந்தது. வயதுக் கட்டத்தில் நர்ஸம்மா பூஜ்யம் அடித்தாள். "வயது தரப்படவில்லை" என்றது பக்கம். மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே பேச்சு.

தங்கை போன் போட்டாள். "அண்ணா, என் பிள்ளைக்கு வயசே இல்லைங்குதுண்ணா!"

அம்மா போனைப் பிடுங்கினாள். "பிள்ளை இங்க தொண்டை கிழியக் கத்துது. தாய்மாமன் என்னடான்னா அதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதி வச்சிருக்கே!"

அப்புறம் நர்ஸம்மா. "சார், பின்னாடி இருபது குழந்தை நிக்குது. பன்னெண்டுக்கு மருந்துப் பெட்டியை மூடிருவோம். ஒண்ணுன்னு போட்டுரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! ஒண்ணுன்னா ஒரு வயசுப் பிள்ளைக்கான ஊசியைக் காட்டும்!"

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தவன், டோக்கன் மேசைக்குக் கீழே தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மணி பதினொன்று இருபது. அப்பா பெட்டி இருந்தது. போன் இருந்தது. வீட்டு முகவரி, கதவு எண் உட்பட, இருந்தது. எதுதான் காணாமல் போனது என்று கால்மணி நேரம் தேடினான். தலைக்கு மேலே இருபத்தோரு பிள்ளைகளின் கச்சேரி.

ஒன்றும் காணாமல் போகவில்லை. வயதுக்கு அவன் போட்ட கேள்விதான் கோளாறு. கட்டம் காலியாக இருந்தாலும் "இல்லை" என்னும். பூஜ்யம் உட்கார்ந்திருந்தாலும் "இல்லை" என்னும். பெரியவர்களில் யாருக்கும் பூஜ்யம் வயதில்லை, அதனால் ஆறு மாதம் தப்பித்திருக்கிறான். அந்தக் கேள்விக்கு அவன் போட்டிருந்த குறி இரண்டு செங்குத்துக் கோடுகள்; அவற்றை அழித்து, காலிக் கட்டத்தை மட்டும் "இல்லை" என்னும் இரண்டு கேள்விக்குறியை அதே இடத்தில் போட்டான். அவ்வளவுதான் வைத்தியம்.

"இதுக்கா இத்தனை நேரம்?" என்றாள் அம்மா.

பன்னிரண்டடிக்கப் பதினைந்து நிமிடம் இருக்கையில் சீட்டு வந்து விழுந்தது. வயது: 0. அதை இரண்டு தரம் படித்தான்.

"டோக்கனைக் குடுங்க சார், நேரமாச்சு" என்று நர்ஸம்மா கையை நீட்டினாள்.

அவன் அவளிடம் கொடுக்கவில்லை. தங்கை தோளில் கத்திக்கொண்டிருந்த மருமகனின் இறுகிய கையைச் சுண்டுவிரலால் மெல்லப் பிரித்து, சீட்டை உள்ளே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டான்.