வெள்ளையாகக் கிடந்த கொப்பிகள்

ஆடி மழையில் ஜெயந்தினி டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பொகவந்தலாவைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக விஞ்ஞானக் குறிப்புச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொண்டை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்த அசதியோடு பத்தாம் தர வகுப்புக்குள் நுழைந்தவள், குரல் வராததால் கரும்பலகையில் எழுதினாள்: ‘கொப்பியை மூடுங்கள். போன மாதம் படித்த இதயத்தைப் பற்றி ஞாபகம் உள்ளதை எழுதுங்கள்.’

முப்பத்தெட்டுத் தாள்கள் வந்தன. இரண்டு பேர் ஏதோ எழுதியிருந்தார்கள். கிஷாந்த் என்ற பையன் இதயம் வரைந்து அதற்குள் அம்பு விட்டிருந்தான். மற்றதெல்லாம் வெறுந்தாள். ஆனால் எல்லோருடைய கொப்பியிலும் அதே பாடம், கலர் பென்சில் படத்தோடு பத்துப் பக்கம் அழகாக இருந்தது.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருஷமும் தான் நிரப்பியது கொப்பியைத்தான் என்று தோன்றியது.

அன்றிலிருந்து குறிப்பைக் குறைத்தாள். பாடம் தொடங்கும்போது கொப்பியை மூடச் சொல்லி, நேற்றைய பாடத்தில் ஒன்று, போன மாதப் பாடத்தில் ஒன்று என்று கேட்டாள். துண்டுத் தாளில் எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து அவர்களே திருத்த வேண்டும்.

“மறந்துபோனத ஏன் டீச்சர் கிண்டுறீங்க?” என்றான் கிஷாந்த்.

“திரும்பத் திரும்ப வாசிச்சா தெரிஞ்ச மாதிரிதான்டா இருக்கும். யோசிச்சு வெளிய எடுத்தாத்தான் நிக்கும்.”

ஐப்பசியில் அந்த வகுப்பு நிலக்ஷியின் அம்மா ராசம்மா, பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேராகப் பள்ளிக்கூட அதிபரின் அறைக்கு வந்துவிட்டாள்.

“புள்ள கொப்பி வெள்ளையா கெடக்குங்க சேர். எனக்குப் படிக்கத் தெரியாது. சிவப்புல சரி போட்டிருக்கான்னு மட்டுந்தான் பாக்கத் தெரியும். அதுவும் இல்லன்னா நான் எதப் பாக்குறது?”

அதிபர் ஆளனுப்பிக் கூப்பிட்டு வந்து நின்ற ஜெயந்தினிக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. அதில் நியாயம் இருந்தது.

அதிபர் ஜெயரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். “திங்கக்கிழமை வலயக் கல்விக் கந்தோரால கொப்பி பாக்க வருகினம் டீச்சர். ஒண்டும் இல்லாட்டி வகுப்பை வேற டீச்சரிட்டைக் குடுக்கச் சொல்லுவினம். பேசாமல் குறிப்பைக் குடுங்கோ.”

அடுத்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள். இப்போது விட்டால் மறுபடி பத்துப் பக்க அழகுதான்.

“நிலக்ஷியக் கூப்பிட்டு ஏதாவது கேளுங்க சேர். பழைய பாடமா” என்றாள் ஜெயந்தினி.

நிலக்ஷி வந்து கதவோரம் நின்றாள். நுரையீரலிலிருந்து இரத்தம் இதயத்தின் எந்த அறைக்கு வரும் என்று கேட்டார் அதிபர்.

“வலது சோணையறை…” பிள்ளை நிறுத்தினாள். விரலால் காற்றில் எதையோ வரைந்தாள். “இல்ல சேர். வலதுக்கு வாறது ஒடம்புல இருந்து. இது இடது.”

“சரியாங்க?” என்றாள் ராசம்மா, அதிபரைப் பார்த்து.

“சரிதான்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனால் வாறவைக்கு நான் என்னத்தைக் காட்டுறது?”

“துண்டுத் தாள்ல எழுதுறத இனிக் கொப்பியிலேயே எழுத வைக்கிறேன். பிழையும் திருத்தமும் அப்படியே இருக்கும். நானும் பாத்து சிவப்பு போடுறேன்.”

“பிழை எல்லாம் தெரியுமே டீச்சர்.”

“தெரியட்டும் சேர்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “வருஷ முடிவுச் சோதினை வரைக்கும் வகுப்பு உங்களோடயே இருக்கட்டும். பிறகு பாப்பம்.”

வெற்றி என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. இனி வாரம் முப்பத்தெட்டுக் கொப்பி திருத்த வேண்டும். அடுத்த நாள் இரண்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு, ஜெயந்தினி ஆசிரியர் அறையில் உட்கார்ந்து முதல் கொப்பியை இழுத்தாள்.