பாக்கெட்டுக்குள் ஒரு கை

வலது கையில் மூன்று விரல்களைப் பிரஸ் மிஷினுக்குக் கொடுத்த பிறகு, அருமைநாயகம் அந்தக் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டவன்தான். குளிக்க மட்டும் வெளியே எடுப்பான். சாப்பாடு இடது கையால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து.

மிஷின் இறங்க வேண்டுமானால் இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் அழுத்த வேண்டும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் அப்படி வேலை செய்தால் டார்கெட் முடியாது. ஆகவே ஒரு பொத்தானைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். லைனில் எல்லோரும் கட்டினார்கள். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் போவார். விரல் போன அன்றுதான் அவருக்குக் கண் தெரிந்தது.

"நீயே கட்டுன, நீயே மாட்டுன. கம்பெனி இன்னா பண்ணும்?"

தெற்கே நாசரேத்துப் பக்கம் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அவன் இன்னும் சொல்லவில்லை. ஜெபத்தையும் விட்டுவிட்டான். ஆண்டவரும் சூப்பர்வைசர் சொன்னதைத்தானே சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை காலை வாடகை அறையின் சொந்தக்காரி முனியம்மாள் கதவைத் தட்டினாள். "இன்னாப்பா, கோயிலுக்குப் போவாம குந்திகினு கீற? நான் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கே போய்ட்டு வந்துட்டேன். எயுந்து போ, ரூமாவது காத்தாடட்டும்."

அவள் வாய்க்குப் பயந்துதான் போனான். படப்பை ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. தெற்கத்திப் பிள்ளைகள் கூடும் சபை. அன்று திருவிருந்து. இடது கைமேல் வலது கையை விரித்துவைத்து அப்பம் வாங்குவார்கள். எல்லோரும் முன்னே போய் முழங்காலிட, அவன் செருப்புகள் கிடந்த கடைசி வரிசையிலேயே இருந்துகொண்டான்.

எல்லோருக்கும் கொடுத்து முடித்த பாதிரியார், அவர்கள் வழக்கில் ஐயர், தட்டோடு இறங்கி வந்தார். செருப்புகளுக்கு நடுவே, வெள்ளை அங்கியோடு, அவன் முன்னால் முழங்காலிட்டார்.

"எனக்கு வேண்டாம் ஐயா. ரப்பரு நானேதான் கட்டுனேன்."

"தெரியும்யா. கையை நீட்டு."

இடது கையை நீட்டினான். ஐயர் அப்பத்தை வைக்கவில்லை. கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்ப்பதுபோல் அவனுக்குக் கூசியது. மெல்ல மற்றதை எடுத்தான். ஐயர் அதில் அப்பத்தை வைத்தார். அப்பத் துண்டு, விரல் இல்லாத பக்கமாகச் சரிந்து மண்ணில் விழுந்தது.

அவ்வளவுதான் என்று நினைத்தான்.

ஐயர் அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார், மண்ணோடு. பிறகு அவன் கைக்கு அடியில் தன் கையை ஏந்தி, அவன் உள்ளங்கையில் இன்னொரு துண்டை வைத்தார். அவன் விழுங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அழுகை வரவில்லை, மனசும் லேசாகவில்லை. நாளைக்கு வேலை தேடி எந்த கேட்டில் நிற்பது என்று தெரியாது. இருந்தும், திரும்பி நடக்கும்போது கையைப் பாக்கெட்டில் போட மறந்திருந்தான்.

அறையில் கூடத் தங்கியிருக்கும் மாசானம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். இப்போது அந்த மிஷின் அவன் கையில். சட்டைப்பையிலிருந்து கறுப்பு டியூப் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

அருமைநாயகம் அவன் முகத்துக்கு நேரே கையை விரித்தான். "மக்கா, இதைப் பாருல."

மாசானம் பார்க்கவில்லை. "டார்கெட்ட நீயா முடிச்சுத் தருவ? தள்ளுல, பஸ்ஸு போயிரும்."

படியிறங்கும் சத்தம் அடங்கியது. விரித்த கையை மடக்காமல் அருமைநாயகம் வாசலிலேயே நின்றான். ஆண்டவரே, அந்தப் பயல் கையை, என்று தொடங்கினான். மேலே வார்த்தை வரவில்லை.