சத்து மாத்திரை

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் வைத்தவள் என் மகள். அவன் போன பிறகு அந்தப் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. செவலை நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும், சாதாரணத் தெருநாய். மகள் கல்லூரியில் படிக்கும்போது ஒரு மழை நாளில், சாக்கடையோரம் கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தாள். நாயெல்லாம் இந்த வீட்டில் ஆகாது என்று நானும் மனைவியும் ஒரு வாரம் கத்தினோம். இரண்டாவது வாரம் மனைவி அவனுக்கு இட்லியை ஆறவைத்துப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்துவதை நிறுத்திவிட்டு நாய்ச்சங்கிலி வாங்கப் போனேன்.

மகள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனாள். அவன் எங்களோடு தங்கிவிட்டான். அவனுக்கு நான்கு வயது இருக்கும்போதுதான் அது முதல் தடவை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து எனக்கு நேரே நின்றான். வாலை ஆட்டவில்லை. என்னைப் பார்த்தான், ஆனால் எனக்குப் பின்னால் யாரோ நிற்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். அதற்குள் பக்கவாட்டில் விழுந்துவிட்டான். கால்கள் நான்கும் ஓடுகிற மாதிரி காற்றில் இழுத்தன. தாடை கடகடவென்று அடித்துக்கொண்டது. வாயில் நுரை, கீழே மூத்திரம். அவன் படுக்கிற பழைய பத்தமடைப் பாய்மேலேயே விழுந்திருந்ததால் நகங்கள் கோரையைப் பிறாண்டின. மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள், அப்படியே திரும்பி ஓடினாள். பீரோ சாவிக்கொத்தோடு வந்து, இரும்பு பட்டால் நிற்கும் என்று அதை அவன் பாதத்தில் வைத்து அழுத்தினாள். நாயின் கால் சாவியைப் பிடிக்குமா? நான் வேறு அந்தச் சாவி விழுந்துவிடாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ரெண்டு நிமிடத்தில் நின்றது. சாவியால்தான் நின்றது என்று இருவருமே நம்பினோம்.

எழுந்தவன் சுவரில் போய் முட்டினான். கூப்பிட்டால் என்னைத் தெரியவில்லை. அரைமணி நேரம் அந்த வீட்டில் நான் யாரோ ஒருவன். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கால்நடை டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சாவி கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை, அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். "சாவியெல்லாம் வேண்டாம் சார். வாய்க்குள்ள கையை விட்டுராதீங்க. தலை இடிக்காம பாத்துக்கிடுங்க. லைட்டை அணைச்சிட்டுச் சத்தம் போடாம இருங்க. எவ்வளவு நேரம் வருதுன்னு கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்தைத் தாண்டுனா, இல்ல ஒண்ணு முடியுமுன்ன அடுத்தது வந்தா, தூக்கிட்டு ஓடி வந்துரணும்" என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலை ஏழு, மாலை ஏழு. "ஒரு வேளைகூட விடக்கூடாது. திடீர்னு நிறுத்துனா முன்னவிடப் பெருசா வரும். அதுதான் ஆபத்து" என்பதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஏழு மணியைச் சுற்றி நடந்தது. கல்யாணம், கச்சேரி, சடங்கு என்று எங்கே போனாலும் ஏழுக்குள் ஒருவர் வீடு திரும்பிவிடுவோம். மாத்திரையை இட்லித் துண்டுக்குள் அழுத்தி, வெளியே கொஞ்சம் நெய் தடவிக் கொடுப்பாள் மனைவி. அது வந்த நாட்களில் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். முதல் மாதம் நான்கு புள்ளி. அப்புறம் ரெண்டு. அப்புறம் ஏழு மாதம் காலண்டர் சுத்தமாக இருந்தது.

ஏன் வெறும் புள்ளி என்று கேட்கலாம். அங்கேதான் எங்கள் லட்சணம் இருக்கிறது.

மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் சைவப் பிள்ளைமார் வீடுகளில் சாதகம் பொருந்திய பிறகு விசாரிப்பு என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது சத்தமில்லாமல் வந்து தெருவில் நாலு பேரிடம் கேட்பார்கள். பெண் எப்படி, வீட்டில் நோய் நொடி உண்டா, தகப்பன் குடிப்பானா. முதலில் கேட்பது பக்கத்து வீட்டில். அடுத்தது தெருமுனை மருந்துக்கடையில். அந்த மாத்திரையோ மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. மனைவி சொன்னாள்: "நாய்க்குன்னுதான் சொல்லுவாங்க முதல்ல. நாலு வாய் மாறும்போது நாய் உதிர்ந்து போயிரும். அந்த வீட்டுல வலிப்பு இருக்குங்கிறது மட்டும் நிக்கும்."

அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. அந்த வார்த்தையையே வீட்டில் விட்டுவிட்டோம். 'அது' என்போம். எனக்கு அலுவலகம் சேரன்மகாதேவியில் என்பதால், மாத்திரையை அங்கேயே ஒரு கடையில் வாங்கி, காதும் காதும் வைத்தாற்போல் பையின் அடியில் போட்டுக் கொண்டுவருவேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்து மாத்திரைகளை ஒரு பழைய சத்து மாத்திரை டப்பாவில் கொட்டிவைப்பது என் யோசனை. கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாகப் பெருமை வேறு.

பக்கத்து வீட்டில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூரில். அவருக்கும் எங்கள் நாய்க்கும் எங்களுக்குத் தெரியாத ஒரு ஏற்பாடு இருந்தது. உவரியிலிருந்து மீன் வருகிற நாட்களில் அவன் மதிலோரம் போய் உட்கார்ந்துவிடுவான். சைவ வீட்டு நாய் வாயில் மீன் வாடையோடு திரும்பும். மனைவி மூக்கைப் பொத்திக்கொள்வாள். அண்ணாச்சி அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாத மாதிரி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்.

கோடையில் கோயம்புத்தூர் சம்பந்தம் கூடி வந்தது. திருநெல்வேலிக்காரர்கள்தான், அங்கே போய் நிலைத்தவர்கள். நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். வியாழக்கிழமை கிளம்பி, வழியில் ரெண்டு உறவினர் வீட்டுக்கும் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பலகாரம் மாப்பிள்ளை வீட்டில் என்று ஏற்பாடு. மகள் போனில் கேட்டாள்: "அவனை யாருப்பா பாத்துக்கிடுவா?"

"பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான்."

"மாமாட்ட எல்லாத்தையும் விவரமா சொல்லிட்டுப் போங்க. வலிப்பு வந்தா என்ன செய்யணும், டாக்டர் நம்பர், எல்லாம்."

"சொல்லிட்டேன்மா" என்றேன். அப்போது சொல்லியிருக்கவில்லை. அப்புறமும் சொல்லவில்லை.

வியாழன் மாலை டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி அதைத் தூரப் பிடித்துப் படித்தார். "சத்து மாத்திரையா தம்பி? இவனுக்கென்ன குறைச்சல், கன்னுக்குட்டி மாதிரி இருக்கான்." ஏழு மணி கணக்கை மட்டும் சொன்னேன். நேரம் தவறாமல் கொடுத்தால் நல்லது என்றேன். நல்லது! வாய் கூசவில்லை எனக்கு. விசாரிக்க வருகிறவர்கள் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள் என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை போன் செய்தேன். "மாத்திரை கொடுத்தாச்சா அண்ணாச்சி?"

"எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க போன காரியத்தைப் பாருங்க" என்றார். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். சத்து மாத்திரைக்கு இவ்வளவு விசாரணையா என்று அவருக்குத் தோன்றிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டில் இலை போட்டிருந்தார்கள். கேசரி, தோசை, மூன்று வகைச் சட்டினி. எனக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அப்பா, அந்தப் பக்கம் அவருடைய அண்ணன். போன் அடித்தது. பக்கத்து வீட்டு எண். இடது கையால் எடுத்தேன்.

"தம்பி, நாய் விழுந்து கிடக்கு. காலை இழுக்கு, வாயில நுரை. பாம்பு எதுவும் கடிச்சிருக்குமோ? மஞ்சத்தண்ணி ஊத்திப் பாத்தேன், உள்ள இறங்க மாட்டேங்கு."

வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இதோ கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டேன்.

"ஒண்ணும் பிரச்சினையில்லையே?" என்றார் அவர்.

"இல்ல, வீட்டு விஷயம்."

எழுந்திருக்கப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா இன்னொரு தோசை கொண்டுவந்தார். பாதி இலையில் எழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று அதையும் சாப்பிட்டேன். மென்று முழுங்கினேன் என்று சொல்வோமே, அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. கை கழுவி, மாப்பிள்ளையின் அப்பா காட்டிய மாடித் தோட்டத்தைப் பாராட்டி, வாசலுக்கு வந்து நான் போன் செய்தபோது பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, அது வலிப்பு. உடனே டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போங்க. நம்பர் தாரேன். அந்த மாத்திரை இதுக்குத்தான்."

நாயின் தாடை அடித்துக்கொள்வது போனில் கேட்டது. அவ்வளவு நேரமாகியும் நிற்கவில்லை. பிறகு அண்ணாச்சி சொன்னார்: "வெயில் மண்டையைப் பிளக்கு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டே கிடந்தான். சத்து மாத்திரை சூடுல்லா தம்பி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட நிறுத்திட்டு மோரும் இளநியும் கொடுத்தேன். நல்லாத்தான குடிச்சான்."

நான் சொன்ன பொய்க்கு அவர் செய்தது முழுக்கச் சரி. நம் ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஆட்டோவில் போகும்போது அவர் மடியிலேயே அவன் உயிர் போய்விட்டது. நாங்கள் வந்து சேர்ந்தபோது அவனை அவர் தன் வேட்டியால் மூடிப் பின்பக்கம் படுக்க வைத்திருந்தார். அந்தப் பத்து நிமிடத்தில் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் போய்க் கேட்டேன். "சொல்ல முடியாது சார்" என்றார். முடியாது என்று சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மகள் வந்தாள். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அண்ணாச்சி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவள் கேட்குமுன் அவரே சொன்னார்: "நான்தாம்மா மாத்திரையை நிறுத்திட்டேன். சூடுன்னு நினைச்சேன்."

"அப்பா அவ்வளவு விவரமா சொல்லிட்டுப் போயும் நிறுத்திட்டீங்களா மாமா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான். அந்த இடத்தில் நான் குத்துக்கல்லாட்டம் நின்றேன். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆமாம்மா, புத்தி கெட்டுப் போச்சு" என்றார் அவர்.

மகள் அவரோடு பேசுவதை அன்றோடு விட்டுவிட்டாள். கல்யாணம் அந்த வருடமே நல்லபடியாக நடந்தது. அண்ணாச்சி மண்டபத்துக்கு வந்தார். மேடை ஏறி அட்சதை போட்டார். மாப்பிள்ளை குனிந்து அவர் காலைத் தொட்டார், என் மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பந்தியில் உட்காராமல் போய்விட்டார் என்று அப்புறம் யாரோ சொன்னார்கள்.

இப்போதும் காலை ஏழு அடிக்கும்போது என் கை தானாக டப்பா இருந்த அலமாரிப் பக்கம் போகிறது. பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று, ஆனால் பட்டப்பகலில், பேப்பர் படிக்கும்போது, கோரையில் நகம் பிறாண்டுவது கேட்கிறது. நிமிர்ந்தால் எனக்கு நேரே அவன் நிற்கிற மாதிரி இருக்கிறது. தோசை வார்க்கிற வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மனைவி தோசை வார்ப்பதையே விட்டுவிட்டாள். ஏன் என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

போன மாதம் மகள் வருவதாகச் சொன்னாள். அவள் வருமுன் ஒரு நாள் சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை. "இந்தத் தடவை அவகிட்ட உண்மையைச் சொல்லிரப் போறேன் அண்ணாச்சி. ஊருக்குப் பயந்து செஞ்சது. விசாரிக்க வந்தா உங்ககிட்டதான கேப்பாங்கன்னு..."

"வந்தாங்க தம்பி" என்றார். "நீங்க ஊருக்குப் போறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னயே வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க. தங்கமான வீடு, கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்னு சொன்னேன். நாய் விஷயம் தெரிஞ்சிருந்தாலும் அதைத்தான சொல்லியிருப்பேன்."

அவர் எழுந்து என் தோளைத் தொட்டார்.

"பிள்ளைட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பக்கத்து வீட்டுக்காரன், என்கிட்ட பேசாட்டா அவளுக்கு ஒண்ணும் குறையாது. நீங்க அப்பா."

சரி அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.