ஒன்பதாம் மாடிக்கு ஏற்றிய பஞ்சவர்ணக்கிளிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை அரேப்பா அடைக்குச் சோள மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் நெரெய்டாவின் போன் கிணுகிணுத்தது. சாந்தியாகோவிலிருந்து ஒன்பதாம் மாடி வாத்தியார் பேசி அனுப்பியிருந்தார். "தோனா நெரே, டிக்கெட் எடுத்தாச்சு. வியாழக்கிழமை மூணு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். அஞ்சு மணிக்கு என் பால்கனியில மேயரையும் மேயரம்மாவையும் பாத்துட்டுத்தான் பெட்டியையே திறப்பேன், சொல்லிட்டேன்."

ஆறு வருஷமாக இந்தச் செய்திக்காகத்தான் அவள் கொரொமோத்தோ மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். வந்தேவிட்டது. ஆனால் கையில் ஒட்டிய மாவைக் கழுவக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். மேயரும் மேயரம்மாவும் ஒன்பதாம் மாடிப் பால்கனியில் கால் வைத்து மூன்று வருஷமாகிறது. அது வாத்தியாருக்குத் தெரியாது.

நெரெய்டா உர்பாயெஸ் அறுபத்துமூன்று வயதுக்காரி. முப்பது வருஷம் ஒரு நோட்டரி அலுவலகத்தில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் குத்தித் தோள்பட்டை இறங்கிப்போனவள். பெயோ மோந்தே பேட்டையில், பத்து மாடிக் கட்டடத்தின் நாலாம் மாடியில் குடியிருக்கிறாள். பிழைப்புத் தேடி நாட்டைவிட்டுப் போகிறவர்கள் போகும்போது சாவியைத் தங்குகிறவர்களிடம்தானே கொடுக்க வேண்டும்? கட்டடத்தில் தங்கியவர்கள் குறைந்துகொண்டே வர, நெரெய்டாவின் சமையலறைச் சுவரில் ஆணிகள் கூடிக்கொண்டே வந்தன. இப்போது பதினோரு சாவி. லீமாவுக்குப் போனவர்கள், மத்ரித்துக்குப் போனவர்கள், எங்கே இருக்கிறார்கள் என்றே சொல்லாதவர்கள். சாவியோடு செடி, மீன்தொட்டி, பூனை, தேன்சிட்டுக்கு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி என்று எல்லாப் பாரமும் அவள் தலையில்தான் விழுந்தது; தினமும் சாயங்காலம் எல்லாருக்கும் ஒரு போட்டோவும் அனுப்பியாக வேண்டும். எல்லாரும் சொன்ன வார்த்தை ஒன்றே: "ஆறு மாசம்தான், தோனா நெரே."

ஒன்பதாம் மாடி வாத்தியார் அஸ்த்ரூபல் ஒரொப்பேசா, பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். மனைவி விட்டுப் போன பிறகு அந்த மனுஷனுக்கு உறவென்று இருந்தது துர்க்கோ என்ற பெருத்த சாம்பல் பூனையும், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்திறங்கும் நீலமும் மஞ்சளுமான ஒரு ஜோடிப் பஞ்சவர்ணக்கிளியும்தான். ஆண் கிளி அவர் வைத்த பழத்தைத் தின்பதற்கு முன் கம்பியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தொந்தியைத் தூக்கிக்கொண்டு நடக்கும். அதனால் அது மேயர் ஆயிற்று. இடது காலில் ஒரு விரல் இல்லாத பெண் கிளி மேயரம்மா. புறப்படும் அன்று வாத்தியார் பூனையை நெரெய்டாவின் மடியில் வைத்துவிட்டு, "கிளிங்கள மட்டும் என் வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க. அதுங்க வர்ற வரைக்கும் அது என் வீடு" என்றார். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதற்கு என்ன, காசா பணமா?

சத்தியமாகச் சொன்னால், மூன்று வருஷம் அவள் வாக்குத் தவறவில்லை. ஐந்து மணிக்கு நீலத் தட்டில் வாழைப்பழமும் சூரியகாந்தி விதையுமாக லிஃப்டில் ஏறுவாள், வைப்பாள், போட்டோ எடுத்து அனுப்புவாள். பிறகு லிஃப்ட் ஒருநாள் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் உயிரை விட்டது. அதை எழுப்ப ஆளில்லை. இரண்டு மாதம் ஐந்து மாடி ஏறி ஐந்து மாடி இறங்கினாள். வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. ஒருநாள், இன்றைக்கு மட்டும் என்று சொல்லித் தட்டைத் தன் பால்கனியிலேயே வைத்தாள். கிளிகளுக்கு மாடி முக்கியமா, பழம் முக்கியமா? வந்துவிட்டன. கம்பியும் சுவரும் தெரியாமல் கிளியை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பினாள். "நம்ம வீட்டு ராசா என்னமா கொழுத்துட்டான்!" என்று வாத்தியாரிடமிருந்து பதில் வந்தது. அந்த இன்றைக்கு மட்டும் மூன்று வருஷம் நீண்டது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டு இப்ப வந்து முழிக்கிறீங்களே" என்றாள் யுலெய்சி. கீழே வாசலைக் கவனித்துக்கொள்ளும் பெண். அவளிடம் மட்டும்தான் நெரெய்டா எதையும் சொல்வாள். "உண்மையச் சொல்லிட்டுப் போங்களேன். முழங்கால் வலின்னா அந்தாளு அடிக்கவா போறாரு?"

"வாயை மூடு. ஆறு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் திரும்பி வர்றான். வந்ததும் வராததுமா நீங்க என் பேச்சை நம்பினது முட்டாள்தனம்னு சொல்லவா?"

"அதானே பாத்தேன். காதல்."

"காதலாவது கத்தரிக்காயாவது! பதினோரு சாவியில ஒண்ணாவது குறையட்டும்டி. ஒரே ஒண்ணு."

அதுதான் அவளுடைய ஆசை. இந்தக் கட்டடத்தில் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, இங்கேயே இருந்துவிட வேண்டும். அந்த ஒருவர் வாத்தியாராக இருந்தால் இன்னும் நல்லது, அவ்வளவுதான். அவரை இழுத்து வருவது தான் அனுப்பும் போட்டோக்கள்தான் என்று அவள் உறுதியாக நம்பினாள். கிளியைக் காட்டிக் காட்டித்தானே மனசில் வீட்டை உயிரோடு வைத்திருந்தாள்? வந்து பார்க்கும்போது கிளி இல்லையென்று வந்த காலோடு திரும்பிவிட்டால் என்ன செய்வது? அந்த நினைப்பு வந்ததும் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

ஞாயிறு சாயங்காலமே ஒரு முயற்சி செய்தாள். தன் பால்கனிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, தட்டை நேராக ஒன்பதாம் மாடிக்குத் தூக்கிப் போனாள். மேலே இருந்து எட்டிப் பார்த்தால், மேயரும் மேயரம்மாவும் நாலாம் மாடிக் கம்பியில் உட்கார்ந்து தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டிருந்தன. "மேயரே, இங்கடா! மேல பாருடா, குருட்டுப் பயலே!" என்று இவளும் கத்தினாள். அவை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. காயப்போட்டிருந்த தலையணை உறையில் நாலு பொத்தானைக் கடித்துத் துப்பிவிட்டு, ஆவிலா மலைப் பக்கமாகப் பறந்து போயின.

அன்றிரவு பொத்தான் தைக்கும்போதுதான் யோசனை வந்தது. குழந்தைக்குத் தாய்ப்பால் மறக்கடிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்த வேண்டும். நடுவில் இருக்கும் வீடுகளின் சாவியெல்லாம் யாரிடம் இருக்கிறது? சுவரைப் பார்த்தாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் ஆணியில் தொங்கின. ஒரு நாளைக்கு ஒரு மாடி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. திங்கள் ஐந்து, செவ்வாய் ஆறு, புதன் ஏழு, வியாழன் எட்டு. ஒரு நாள் உதைத்தது.

திங்கட்கிழமை ஐந்தாம் மாடியில், தூசித் துணி போர்த்திய சோபாக்களுக்கு நடுவில் நின்று தட்டைக் கரண்டியால் தட்டினாள். எப்போதும் போடும் ஊதாக் கவுனையே போட்டுக்கொண்டாள், கிளி அதை வைத்தும் அடையாளம் பார்க்கும் என்று. மேயர் நாலாம் மாடியில் இறங்கிக் காலித் தரையைப் பார்த்துத் திட்டித் தீர்த்தான். பிறகு தலையைச் சாய்த்து மேலே பார்த்தான். ஒரே தாவு, வந்துவிட்டான். நெரெய்டா அந்தக் கறுத்த அலகை முத்தமிடாத குறை.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வரும் நாள். கீழே வாளி நிரப்புவதா, மேலே கிளிக்குப் பழம் வைப்பதா? அலைந்ததில் மூச்சு இரைத்தது. ஆறாம் மாடிக்குத் துர்க்கோவும் பின்னாலேயே வந்தது. போன வருஷம் மேயரம்மா அதன் வாலைப் பிடித்து இழுத்ததிலிருந்து அந்தப் பூனை கிளிகளைக் கண்டால் நாற்காலிக்கு அடியில் போய்விடும். இருந்தும் தினமும் ஐந்து மணிக்கு ஆஜராகிவிடும். ஆறாம் மாடியும் ஆயிற்று.

புதன்கிழமை ஏழாம் மாடி. அங்கே கதவில் குழந்தைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கடைசிக் கோடு நெரெய்டாவின் தோளளவு. அந்தக் கோட்டுக்கு உரிய பெண் இப்போது மத்ரித்தில் கல்லூரிக்குப் போகிறாள். நெரெய்டா அதைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாள். கிளிகள் வந்தன, தின்றன, போயின. ஏழாம் மாடிக்காரர்களுக்கு அன்று அவர்கள் பால்கனியிலேயே எடுத்த போட்டோ அனுப்பினாள். உடனே நாலு இதயங்கள் வந்தன.

வியாழன் காலையில் அவள் எட்டாம் மாடியில் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை தட்டைத் தட்டிக்கொண்டு நின்றாள், உதைத்த ஒரு நாளைப் பிடித்துவிடலாம் என்று. காலைப் பலகாரம் அவற்றுக்கு வேறு யார் வீட்டிலோ. எந்தக் கிளியும் வரவில்லை. வாத்தியார் வந்துவிட்டார்.

தலை பாதி வழுக்கையாகி, கழுத்தில் கம்பளித் துண்டோடு, ஒரு சின்னப் பெட்டியை ஒவ்வொரு படியிலும் வைத்து வைத்துத் தூக்கி ஏறினார். சின்னப் பெட்டி. நெரெய்டாவின் கண் முதலில் அதில்தான் விழுந்தது. மீதிச் சாமான் பின்னால் வருமாக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"தோனா நெரே! நீங்க மாறவே இல்ல."

"பொய் சொல்லாதீங்க, புரோஃபெசர். மாறாத ஒண்ணு இந்தக் கட்டடத்துல லிஃப்ட் மட்டும்தான், செத்தது செத்தபடி கெடக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவள் பாதி வலியை மறந்தாள். "துர்க்கோ!" என்று அவர் குனிந்தார். பூனை அவரை மோந்து பார்த்துவிட்டு நெரெய்டாவின் காலுக்குப் பின்னால் ஒதுங்கியது. அவர் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். அவள் கூட்டித் துடைத்து வைத்திருந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, கடுங்காப்பி குடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். ஐந்துக்கு ஐந்து நிமிஷம்.

ஐந்து மணிக்குக் கிளிச் சத்தம் கேட்டது. மேயரும் மேயரம்மாவும் நேராகப் பறந்து வந்து ஏழாம் மாடியில் இறங்கின. அங்கே தட்டில்லை.

"என்ன, கீழ போயிடுச்சு?" என்றார் வாத்தியார்.

"வழி மறந்திருக்கும். வயசாகுதில்ல" என்று சொல்லிக்கொண்டே நெரெய்டா தட்டைக் கையில் எடுத்தாள். முட்டி வலியோடு ஒரு ஸ்டூலில் ஏறி, கம்பிக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு, தட்டை ஓங்கித் தட்டினாள். "மேயரே! என் மானத்த வாங்காதடா, வந்துருடா!" வாத்தியார் பதறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கீழே மேயர் தலையைச் சாய்த்தான். ஊதாக் கவுனைப் பார்த்தான். இறக்கையை விரித்தான்.

இரண்டும் வந்து கம்பியில் உட்கார்ந்தபோது நெரெய்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாத்தியாருக்கும்தான். அவர் போனை எடுத்துக் கிளிகளைப் படம் பிடித்துக்கொண்டே யாரிடமோ பேசத் தொடங்கினார்.

"பாத்தீங்களா சார், நான் சொன்ன மாதிரியே. தினமும் அஞ்சு மணிக்கு இந்த பால்கனிதான். இப்படி ஒரு வீடு இந்தத் தெருவுல உங்களுக்கு வேற கிடைக்காது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம். புதன்கிழமை எனக்கு ஃப்ளைட்."

நெரெய்டா ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

"விக்கிறீங்களா?"

"நேர்ல சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. முழங்கால், பொத்தான், ஐந்து வீட்டுத் தூசி எல்லாம் சேர்ந்து வந்தது. "அப்ப அந்த சார்கிட்ட இதையும் சொல்லிடுங்க. இந்தக் கிளிங்க மூணு வருஷமா உங்க வீட்டுக்கு வரல. என் வீட்டுலதான் தின்னுச்சு. நீங்க பாத்த போட்டோவெல்லாம் நாலாம் மாடி. நாலு நாளா மாடி மாடியா ஏத்திக் கொண்டாந்து இன்னைக்குத்தான் இங்க சேத்தேன். நீங்க வந்துட்டா இருந்துடுவீங்கன்னு."

வாத்தியார் போனைப் பைக்குள் போட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. மேயர் உரித்துக் கீழே போட்ட பழத்தோலைக் குனிந்து எடுத்தார்.

"அங்க போன புதுசுல ஒவ்வொரு வாரமும் பெட்டியக் கட்டுவேன், தோனா நெரே" என்றார். "இனி முடியாது, போயிடலாம்னு. சாயங்காலம் உங்க போட்டோ வரும். மேயர் தின்னுட்டிருப்பான். சரி, வீடு நல்லாத்தான் இருக்கு, எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கு, அவசரமில்லன்னு பெட்டியப் பிரிச்சுடுவேன். ஆறு வருஷமும் அப்படித்தான் ஓடுச்சு. நீங்க மட்டும் போட்டோ அனுப்பாம இருந்திருந்தா மொத வருஷமே வந்திருப்பேன்."

அவர் நன்றியாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் அது நன்றாகத் தெரிந்தது. நெரெய்டா ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் தட்டைத் தன் நாலாம் மாடியிலேயே வைத்தாள். கிளிகள் கொஞ்சம் குழம்பி, ஏழிலும் ஒன்பதிலும் தேடிவிட்டு, இறங்கி வந்தன. போன் மேசைமேல் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. ஆறு மணிக்கு லீமாவிலிருந்து ஐந்தாம் மாடிக்காரர் கேட்டிருந்தார், என்ன இன்னைக்கு போட்டோ காணோம் என்று. ஆறே காலுக்கு ஏழாம் மாடிக்காரம்மா, எங்க செல்லங்க நல்லாருக்கா, வீடு நல்லாருக்கா என்று. பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள்.

நெரெய்டா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பத்துப் பேருக்கும் ஒரே பதிலை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"வந்து பாருங்க."