சாமானோடு சாமானாக

கெலிஓயாவில் பாயிஸாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. தராசு கொஞ்சம் சாய்ந்தாலே கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள், நேற்று தன் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்த றிஸ்வி முதலாளிக்கு முன்னால் வாய் பேசாமல் நின்றாள். அதை நினைக்க நினைக்க, இன்று தம்பியைப் பார்க்கப் போகும் பஸ்ஸில் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

முதலாளியின் புடைவைக் கடை வேனை ஓட்டுபவன் அவள் தம்பி அரூஸ். அந்தக் கடைக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்துத்தான் அவளும் சாப்பிடுகிறாள். போன வியாழக்கிழமை அந்த வேன் பேராதனை வீதியில் ஒரு மனிதரை அடித்துக் கொன்றது. ஓட்டியது முதலாளியின் மகன் ஸாகி. அரூஸோ மதியம் லுஹர் தொழுதுவிட்டு வீட்டில் படுத்திருந்தான். முதலாளியிடமிருந்து போன் வந்தது, எழுந்து ஓடினான், பொலிஸில் 'நான்தான் ஓட்டினேன்' என்று சொல்லி விளக்கமறியல் சிறைக்குப் போய்விட்டான். ஓடிய அவசரத்தில் அவன் மூக்குக்கண்ணாடி, வீட்டு அலுமாரியின் மேலேயே கிடந்தது. அது இல்லாவிட்டால் எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று அவனுக்குத் தெரியாது. கண்ணாடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று அவன் லைசன்ஸிலேயே இருக்கிறது.

"கண்ணாடி இல்லாம ஓட்டினதா வந்தா வழக்கு பாரமாகிடும்," என்று நேற்று சொல்லியிருந்தார் முதலாளி. "குளிக்கிற சவுக்காரம், உடுக்கிற சாரத்தோட, சாமானோட சாமானா ஜெயில்ல குடுத்துடுங்க. ஒத்தருக்கும் செல்லத் தேவல்ல. நாளண்டைக்கி கோட்டுல அரூஸ் கண்ணாடியோட நிக்கணும்."

அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையை வெட்டி எறிந்தால் என்ன என்று இப்போது இருந்தது.

சிறைச்சாலைக் கவுண்டரில் சுகிர்தா என்ற அதிகாரி இருந்தார். சவுக்காரத்தை இரண்டாக வெட்டிப் பார்த்தார், சாரத்தின் மடிப்பையெல்லாம் தடவினார், ஒவ்வொன்றாகப் புத்தகத்தில் எழுதினார். கடைசியில் கண்ணாடியைக் கையில் எடுத்தபோது அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"பாவம், இது இல்லாம தடவிக்கிட்டு திரியிறாரு. இதுக்கெல்லாம் எழுத்து எதுக்குங்க? சும்மா அனுப்பிர்றேன்."

"சும்மா ஒண்டும் வேணாம். எழுதுங்க."

"ஏன்க்கா?"

"போன வியாழக்கிழமயில இருந்து இது வீட்டு அலுமாரிக்கு மேல கிடந்திச்சி. அவன்ட அக்கா நான் இண்டைக்கித்தான் கொண்டு வந்தேன். அப்பிடியே எழுதுங்க. எழுதாட்டி நான் இந்த இடத்த விட்டு அசைய மாட்டேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. பாயிஸா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வரிசை அடங்கியது. சுகிர்தா எழுதினார். அவள் வாசித்துப் பார்த்து, திகதியும் போட்டுக் கையெழுத்து வைத்தாள்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அரூஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான்.

"சாமானோட சாமானாக் குடுத்தீங்க தானே ராத்தா?"

"எழுதித்தான் குடுத்தேன். வியாழக்கிழம கண்ணாடி வீட்டுல இருந்திச்சி எண்டு புத்தகத்துல ஈக்கிது."

அரூஸ் வலையோடு நெருங்கி வந்தான். "என்ன வேல செஞ்சீங்க? இனி குத்தம் ரெண்டாகிடுமே."

"ஆகட்டும். குருடன் வேன் ஓட்டினான் எண்டு செல்லி ரெண்டுக்கும் சேத்து உள்ளுக்கு இரி. இல்லாட்டி ஓட்டினது யாரெண்டு செல்லு."

"ஸாகி சின்னப் பையன் ராத்தா. நாங்க உப்புத் திண்ட வீடு."

"உப்புக்கு நீ பத்து வருஷம் வேல செஞ்சாச்சி. முதலாளிட மகன் செஞ்ச கொலயச் சுமக்க எந்தக் கிதாபுல செல்லீக்கிது? அந்தச் செத்த மனிசனுக்கும் பிள்ளைங்க ஈக்கிது. அதுகள்ட முகத்தப் பாத்தும் பொய் செல்லுவியா?"

அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அவள் கவலைப்படவில்லை. நாளையிலிருந்து பிளவுஸ் துணி வராது என்பதும் அவளுக்குத் தெரியும். காவலர் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டினார்.

அரூஸ் கம்பிவலையைப் பிடித்தபடி நின்றான். காவலர் போகச் சொல்லி இரண்டாம் முறை தோளில் தட்டியபோது வலையோடு முகத்தை வைத்துச் சொன்னான்.

"லோயர் ஒருத்தரப் பாருங்க ராத்தா. முதலாளிட ஆள் வேணாம். வேற ஆள்."