முதிரைக் கதிரையும் அக்காவின் மூன்று உளிகளும்

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருடைய வீட்டில் அக்கா செய்துதந்த ஏதோ ஒன்று இருக்கும். ஒரு மணைக்கட்டை, ஒரு புத்தகத் தட்டு, சாமிப்படம் வைக்கும் பலகை. வீட்டுக்குப் போனதும் அதைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். ஆணி இருக்காது. அக்காவைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான். பிறந்த ஊரை எழுதுவதற்கு முன்னால் ஆணியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்கும் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். வரிசைக்கு வந்துவிடுகிறேன்.

அக்கா கிளிவெட்டியில் பிறந்தார். அப்பா வயல் செய்தவர். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது மாரடைப்பில் அப்பா காலமானார். அக்காவுக்கு அப்போது பதினைந்து. இரண்டு வருடம் கழித்துச் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா உடுப்பு மூட்டையைத் தூக்கினார், அக்கா என்னைத் தூக்கினார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நடக்கத் தெரியும். ஆனால் நான் நடந்ததாக நினைவில்லை. அக்காவின் தோளெலும்பு என் நாடியில் இடித்துக்கொண்டே வந்ததுதான் நினைவிருக்கிறது. அகதி முகாமில் இருந்தபடியே அவர் உயர்தரப் பரீட்சை எழுதினார். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும் போகவில்லை. திருகோணமலையிலேயே படவரைஞர் பயிற்சியை முடித்து, நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரையும் வேலையில் சேர்ந்தார். உப்புவெளியில் இந்த வீட்டைக் கட்டினார். தான் போகாத பல்கலைக்கழகத்துக்கு என்னை அனுப்பினார். இதையெல்லாம் ஒரே பந்தியில் எழுதிவிட்டேன். அக்கா வாழ்ந்து முடிக்க இருபது வருடம் எடுத்தது.

மரவேலை அவருக்குக் கதவால் வந்தது. குசினிக் கதவு மாரியில் ஊதி மூடமாட்டேன் என்றது. தச்சர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஒரு மாதம் கடத்தினார். ஒரு சனிக்கிழமை அக்கா ஒரு மலிவு உளியை வாங்கிவந்து கதவின் ஓரத்தைத் தானே செதுக்கினார். கதவு மூடியது. உளியின் வாய் மடிந்துபோனது. மடிந்த வாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “படம் கீறிற பென்சிலே இதைவிடக் கூர்” என்று சொன்னார். அதன் பிறகு அலுவலகம் விட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டில்தான் அவருடைய இடம். கலியாணம் பேசி வந்தவர்களுக்கு அம்மா பதில் சொல்லச் சங்கடப்பட்டபோது, “மரத்தூளோடை வரச் சொல்லி ஆரும் கேட்டால் சொல்லுங்கோ அம்மா” என்பார்.

நான் உலோகங்களைப் பற்றிப் படிக்கிறேன். முதலாம் வருட விடுமுறையில் வந்தபோது அக்கா நல்ல உளி வாங்கப் போவதாகச் சொன்னார். எனக்குத் துள்ளல் பிடித்துவிட்டது. எந்த நாட்டு உருக்கு, எந்தக் கம்பெனி, எவ்வளவு கடினம் என்று தொலைபேசியில் தேடித் தேடி ஒரு பட்டியல் எழுதினேன். பேருந்தில் போகும் வழியெல்லாம் வாசித்துக் காட்டினேன். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு “ம், ம்” என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

நகரத்தில் எங்களுக்குப் பழக்கமான இரும்புச் சாமான் கடையில், மரப்பெட்டிக்குள் எட்டு உளிகள் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. நான் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

“எட்டு உளியோ? எனக்கு ரெண்டு கைதானேடா” என்றார் அக்கா. பிறகு கைப்பையைத் திறந்து உடைந்த முகக்கண்ணாடித் துண்டொன்றையும் ஒரு முதிரை மரக்கட்டையையும் வெளியே எடுத்து வைத்தார். கடைக்கார அண்ணை கணக்கெழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா மினுங்கின உளியின் முதுகைக் கண்ணாடியில் படுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வாய்க்குக் கீழே மெல்லியதாய் வெளிச்சம் ஓடியது. “பார். மினுக்கிற சில்லிலை பிடிச்சு மினுக்கி ஓரத்தை உருட்டிப் போட்டாங்கள். முதுகு தட்டையா இல்லாட்டி வாய் எப்பிடிக் கூராகும்?” எட்டையும் அப்படிப் பார்த்தார். எட்டும் திரும்பப் பெட்டிக்குள் போயின.

“தங்கச்சி, உளி வாங்க வந்தனீங்களோ, மாப்பிள்ளை பார்க்க வந்தனீங்களோ?” என்றார் கடைக்கார அண்ணை.

“மாப்பிள்ளை எண்டால் இவ்வளவு பார்க்கத் தேவையில்லை அண்ணை.”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கிறீஸ் பூசிக் கடதாசியில் சுற்றிய பழைய சரக்குக் கொஞ்சத்தைக் கொண்டுவந்து கொட்டினார். மினுக்கமே இல்லை. பிடிகளுக்கு வார்னிசும் இல்லை. அக்காவின் முகம் மாறியதை அங்கேதான் கண்டேன். ஒவ்வொன்றையும் துடைத்தார். ஒரு கண்ணை மூடி, பிடியும் அலகும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று படம் பார்ப்பதுபோல் பார்த்தார். பக்க ஓரங்கள் மெல்லியதாய் இருக்கின்றனவா என்று தடவினார். தடித்த ஓரம் மூலைக்குள் போகாதாம். அலகைப் பிடித்துத் தூக்கித் தலைப்பாரம் பார்த்தார். கடைசியில், விற்பனைக்கு இருந்த தீட்டுக்கல்லொன்றைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று தீட்டி, முதிரைக் கட்டையின் வெட்டுமுகத்தில் வைத்து அழுத்தினார். முதிரை எவ்வளவு வைரம் பாய்ந்த மரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று உளிகளின் வாய் மடியவில்லை, சிதறவும் இல்லை. காலங்குலம், அரை அங்குலம், ஓரங்குலம். என் பட்டியல் சட்டைப்பையிலேயே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைக்கார அண்ணை உளிகளை அக்காவின் கையில் தரவில்லை. மேசையில் வைத்தார், அக்கா எடுத்தார். கூரான இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் அம்மாவின் சட்டமும்தான். கொட்டிலிலும் அக்கா அதை விட்டதில்லை. நான் கையை நீட்டினால் நீட்டினபடியே நிற்க வேண்டும். அவர் உளியை மேசையில் வைப்பார், நான் எடுப்பேன். “இது எந்தப் பாடத்திலை இருக்கு அக்கா?” என்று நக்கலடிப்பேன். “அம்மா பாடம். பெயிலானால் சோறு கிடையாது” என்பார்.

கதிரைக்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போன பிறகு, கை ஊன்றி எழும்பக்கூடிய கதிரை ஒன்று தேவைப்பட்டது. பிளாஸ்ரிக் கதிரை அவரோடு சேர்ந்து சரிந்தது. அம்மாவுக்கென்று அளவெடுத்து, இரண்டு பக்கமும் கைச்சட்டம் வைத்து, முதிரையில் ஒரு கதிரை செய்து தருவதாக அக்கா சொன்னார். கதிரைக் காலில் சதுரத் துளை வெட்டி, சட்டத்தின் முனையைச் சீவி அதற்குள் இறுக்க வேண்டும். துளை கொஞ்சம் பெருத்தாலும் கதிரை ஆடும், அம்மா விழுவார். துளையெல்லாம் அரை அங்குல உளியின் வேலை.

போன விடுமுறையில் நான் வந்தபோது கதிரை பாதியில் நின்றது. அக்கா மெலிந்திருந்தார். வேலை கூடவாக்கும் என்று நினைத்தேன். அரை அங்குல உளியின் வாயில் சின்னப் பல் விழுந்திருந்தது. அக்கா கல்லில் மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பார், நிறுத்துவார், மூச்சு வாங்குவார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் உளியை எடுத்துக்கொண்டு பக்கத்துவீட்டுக் கிறைண்டருக்கு ஓடினேன். அரை நிமிடம்கூட இல்லை. வாயில் நீலம் ஓடியது.

சூடு ஏறினால் உருக்கின் உரம் போய்விடும், நீலநிறம் அதன் அடையாளம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு வரைபடம் கீறி முழுப்புள்ளி எடுத்தவன் நான்.

திரும்பி வந்து, மேசையில் வைக்கக்கூட மறந்து, அதை அக்காவின் கையிலேயே கொடுத்தேன். அவர் நீலத்தைப் பார்த்தார்.

“நீ என்ன படிக்கிறாய் எண்டு சொன்னனீ?”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. நான் கேட்டது வேறு. “நீங்கள் தேய்க்கிற தேய்ப்பிலை இந்தக் கதிரை அடுத்த பொங்கலுக்கும் முடியாது. அம்மா அதிலை எப்ப இருக்கிறது?”

“எனக்கு அவசரம் தெரியாது எண்டோ நினைக்கிறாய்?” என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. “போடா. போய்ப் படி.”

இரண்டு நாள் முன்கூட்டியே பேருந்து ஏறினேன். ஐந்து கிழமை நான் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நாங்கள் சண்டை பிடித்த அந்தக் கிழமைதான் வைத்தியர் அவரிடம் வருத்தத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்பதும், இரத்தத்தில் வந்த அந்த வருத்தம் முற்றிவிட்டது என்பதும், பரீட்சை முடியுமட்டும் எனக்குச் சொல்ல வேண்டாமென்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தன. அம்மாவால் சத்தியத்தைக் காப்பாற்ற ஏலவில்லை. “அக்காவுக்கு ஏலாமல் கிடக்கு, வா” என்று மட்டும் தொலைபேசியில் சொன்னார்.

கொழும்பு ஆசுப்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நான்கு மாதம் போனது. கடைசியில் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அக்கா கேட்டபடி கட்டிலைக் கொட்டில் பக்கத்து யன்னலோடு போட்டோம். அன்றைக்குத்தான் அரை அங்குல உளியைத் திரும்பக் கண்டேன். நீலம் இல்லை. நான் இல்லாத அந்த ஐந்து கிழமையில், காய்ச்சலோடு, கல்லில் கையாலேயே தேய்த்து நீலம் பிடித்த பகுதி முழுவதையும் அக்கா கழித்திருந்தார். உளி ஒரு விரற்கடை குட்டையாகியிருந்தது.

“புதுசு வாங்கியிருக்கலாமே அக்கா” என்றேன்.

“நல்ல உளியடா. நுனி மட்டும்தான் செத்தது. உள்ளுக்கு உயிர் கிடக்கு.”

ஒரு கைச்சட்டம் மட்டும் மிச்சம். அதற்கு இரண்டு துளை. அம்மா அந்தக் கதிரையில் இருப்பதை அக்கா பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை. அவசரப்பட ஏலாத ஒரு வேலையில் அவசரம் பிடித்து நின்றேன். நான் கொட்டிலில் அடிப்பேன், யன்னலுக்குள்ளிருந்து அக்கா சத்தத்தை வைத்தே சொல்லுவார்: “மழுங்கிப் போச்சு. தீட்டு.” நான் தீட்டுவேன். “இன்னும்.” திரும்பத் தீட்டுவேன். “உன்ரை பேராசிரியர் பாவம்.” அதைச் சொல்லிவிட்டு இருமுவார்.

முதல் துளை முடிந்தது. இரண்டாவதன் நடுவில் திரும்ப மழுங்கியது. “கொண்டா” என்றார். மடியில் ஒரு பலகையும் கல்லும் வைத்துக் கொடுத்தேன். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு மேல் அவரால் ஏலவில்லை. ஆனால் அந்தப் பத்தும் நேராக இருந்தன. தன் நகத்தில் வைத்துப் பார்த்தார். வழுக்கவில்லை, கூர் பிடித்துவிட்டது. எப்போதும்போல் வைக்கட்டும் என்று நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கூர் தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, பிடியை என் கைக்குள் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார்.

வாசலில் நின்ற அம்மா பதறினார். “ஐயோ, கையிலை குடுக்காதை பிள்ளை! சண்டை வரும்.”

“இனிச் சண்டை பிடிக்க எங்களுக்கு எங்கை அம்மா நேரம்” என்றார் அக்கா.

அதற்கு மூன்றாம் நாள் காலை, அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவர் கண் திறக்கவில்லை. கைச்சட்டம் கொட்டில் மேசையில் கிடந்தது. அதை எட்டாம் நாள் கிரியைக்கு முதல்நாள்தான் கதிரையில் பூட்டினேன். இரண்டாவது துளையில் கடதாசித் தடிப்புக்கு இடைவெளி விழுந்துவிட்டது; மெல்லிய முதிரைச் சீவல் வைத்து இறுக்கியிருக்கிறேன். கதிரை ஆடவில்லை. இன்று நீங்கள் வரும்போது அம்மா இருந்த கதிரை அதுதான். இடதுபக்கக் கைச்சட்டத்தில் அந்தச் சீவலைப் பார்க்கலாம். நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டாம். அக்கா சொல்லியிருக்கமாட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கொழும்பில் எங்களுக்கு அறை தந்த உறவினர்கள், முறைவைத்து இரத்தம் தந்த அக்காவின் அலுவலகத் தோழர்கள், வீட்டுக்கே வந்து மருந்தேற்றிய தாதி அம்மையார், செத்தவீட்டு நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த உப்புவெளி அயலவர்கள், கிளிவெட்டியிலிருந்தும் கட்டைபறிச்சானிலிருந்தும் வந்து தோள் கொடுத்தவர்கள். இந்த வீட்டுக் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும். மூடவும் செய்யும், அதுவும் அக்காவின் வேலைதான். செத்தவீட்டுக்குக் கடைக்கார அண்ணையும் வந்திருந்தார். அந்த அரை அங்குல உளி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். “இருக்கு அண்ணை. குட்டையாப் போச்சு” என்றேன். “இன்னும் கன வருசம் வேலை செய்யும்” என்றார்.

பல்கலைக்கழகம் திறக்கும்வரை கொட்டிலைப் பூட்டப் போவதில்லை. அம்மா கால் வைக்க ஒரு மணைக்கட்டை செய்துகொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் செய்கிறேன். தீட்டி முடிந்ததும் உளியை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கிறேன். மற்றவரின் கை வந்து எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் விடுகிறேன். பிறகு நானே எடுக்கிறேன்.

அன்புத் தம்பி